ஏணி வைக்காத பக்கம்

என் தம்பி மேல் நான் வழக்குப் போட்டிருந்தேன். வாக்குமூலம் கொடுக்க என்னைக் காரில் கூட்டிப்போனதும் அவன்தான். முன் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, மடக்க முடியாத என் வலது காலுக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீல் வெச்சுக்கிட்டீங்க. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேனே, எனக்கு யாரு வக்கீல்?" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா வக்கீல்? நீயே ஜட்ஜு" என்றான் தம்பி.

"ஜட்ஜா இருந்தா ரெண்டு பேரையும் உள்ள தள்ளியிருப்பேன்."

மூவரும் சிரித்தோம். சிக்னலில் நின்றபோது தம்பி வானத்தைப் பார்த்து, மழை வராது என்றான். விபத்தைப் பற்றியோ என் காலைப் பற்றியோ என்னிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அவனுடைய வக்கீலின் உத்தரவு. மன்னிப்புக் கேட்டால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். எதற்கும் வாய் ஓயாதவன், ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த நாள் முதல் என்னிடம் மழை வருமா வராதா என்பதை மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

வழக்குப் போடச் சொன்னதே அவன்தான். யார் மேல் தவறு என்று முடிவாகாமல் இன்சூரன்ஸ் கம்பெனி என் ஆபரேஷனுக்கு ஒன்றும் தராது. "பேப்பர்லதான்க்கா என் பேரு. குடுக்கப் போறது கம்பெனி. தைரியமா போடு" என்றான். அவன் மேலும், விமானத்தை வாடகைக்குக் கொடுத்த ஃப்ளையிங் கிளப் மேலும் சேர்த்துப் போட்டோம். விவகாரம் அதன் பிறகுதான் சிக்கலானது.

நடந்தது இதுதான். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். தம்பி பைலட், நான் மட்டும் பயணி. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். உள்ளே பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை நம்பக்கூடாது, கிளம்புமுன் ஏணி போட்டு ஏறி, இரண்டு டேங்கிலும் அளவுக் குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும் என்பது விதி. திரும்பி வந்து இறங்கும் நேரத்தில் என்ஜின் வலது டேங்கிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுபோனது. இடது டேங்குக்கு மாற்றி மறுபடி கிளப்ப உயரம் போதவில்லை. ஒரு வயலின் வரப்பில் மோதினோம். வலது இறக்கை பிய்ந்து போனதால் அந்த டேங்கில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் அளக்க முடியவில்லை.

குச்சி விட்டுப் பார்த்திருந்தால் தம்பி மேல் தவறில்லை. டேங்க் மூடி சரியாக இறுகாமல் பெட்ரோல் வழியிலேயே கொட்டியிருக்கும், கிளப் மெக்கானிக் பதில் சொல்லவேண்டும். அந்த மனிதரை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்க்கவில்லை என்றால் தம்பியின் லைசென்ஸ் போய்விடும். சரக்கு விமான வேலைக்கு அவனை எடுப்பதாக இருந்தார்கள், அதுவும் போகும். அவன் பார்த்தானா இல்லையா என்று அருகில் நின்று கண்டவள் நான் ஒருத்திதான்.

நான் பொய் சொல்லத் தீர்மானித்ததே இல்லை. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. துணி மடிக்கும்போதும் தலை துவட்டும்போதும் அந்தக் காலை நேரத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். அந்த நினைவில் முதலில் தம்பி இடது இறக்கையில் மட்டும் ஏறினான். சில வாரம் போனதும் வலது இறக்கையிலும் ஏறத் தொடங்கினான். நான் ஏற்றிவிடவில்லை, அவனாகவே ஏறினான். முழங்கை வரை சுருட்டிய சட்டைகூடத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன்.

பிறகு ஒருநாள் அந்தக் காட்சியில் என்னைத் தேடினேன். அவன் வலது பக்கம் ஏறும்போது நான் எங்கே? வலது இறக்கையின் அடியில் கையில் போனோடு நின்றிருந்தேன். அம்மாவுக்கு வீடியோ காலில் விமானத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். "ப்ளேன் எங்கடி? உன் மூக்குதான் தெரியுது" என்று அம்மா கத்தினாள். ஏணி வைக்க வேண்டிய இடம் அதுதான். என்னை யாரும் நகரச் சொல்லவில்லை. மெக்கானிக் வந்து, "ஏறுங்கம்மா" என்று கதவைத் திறக்கும்வரை அங்கேயேதான் நின்றேன். ஏறி உட்கார்ந்ததும் அவர் என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் எவ்வளவு முயன்றும் தம்பி வலது பக்கம் ஏறவில்லை.

வாக்குமூலம் என் வக்கீலின் அலுவலகத்தில். நீளமான மேசை, தட்டச்சுக்கு ஒரு பெண், ஜன்னலோரம் குளிர்ச்சி போதாத ஒரு ஏசி. காலையில் என் முறை. தம்பி எதிரே உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுடைய வக்கீல் கனிவாகத்தான் கேட்டார்.

"தம்பி பொறுப்பான பைலட்தானே?"

"ஆமா."

"ரெண்டு டேங்கையும் பார்த்திருப்பார், இல்லையா?"

இல்லையா என்று அவர் இழுத்த இடத்தில் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஆமாம் என்றால் போதும். தெரியாது என்றாலும் போதும். தம்பி பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினான்.

"இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்க்கல. ஏணி வைக்கிற இடத்துல நான் நின்னுட்டிருந்தேன். என்னை யாரும் நகரச் சொல்லல."

தட்டச்சு ஓய்ந்ததும் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நடைபாதை பெஞ்சில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், தண்ணீர் பிடிக்கப் போனாள். தம்பி என் முன்னால் வந்து நின்றான். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது.

"நகருன்னு சொன்னா நகர்ந்திருப்பியா நீ? போனை வெச்சுக்கிட்டுக் குதிச்சிட்டு இருந்த. 'பாரும்மா, நம்ம வீட்டுப் பைலட்டு'ன்னு ஊரையே கூட்டுற. நான் ஏணியைத் தூக்கிட்டு வந்தேன்க்கா. உன்னைப் பார்த்தேன். சரி, இந்தப் பக்கமும் அதே அளவுதான் இருக்கும்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதைக் கேட்கத்தான் இத்தனை மாதமும் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். கேட்டதும் பாரம் இறங்கும் என்றும் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அவன் ஏணியோடு நின்று என் சந்தோஷத்தைப் பார்த்த அந்த நொடிதான் கண்ணில் வந்தது. எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறான். அதில் என் கால் போயிருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட சொல்லாதடா. மத்தியானம் உள்ள கேப்பாங்க. அங்க சொல்லு."

"சொன்னா என் பொழப்பு போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"நீ சொல்லாட்டி அந்த மெக்கானிக் பொழப்பு போகும். அவரு என் பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாருடா."

அவனுடைய வக்கீல் அவனை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் வெகுநேரம் பேசினார்.

மத்தியானம் என் வக்கீல் அவனைக் கேட்டார். வலது டேங்கைப் பார்க்கவில்லை என்று சொன்னான். ஏன் என்று கேட்டதும் சொன்னான், ஏணி தூக்கியது முதல் எல்லாவற்றையும், என்னிடம் பேசிய அதே பேச்சில், கோபம் மட்டும் இல்லாமல். அவனுடைய வக்கீல் எழுதுவதை நிறுத்தினார். சற்று யோசித்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்போ உங்க அக்கா வழியில நின்னதாலதான் உங்களால சோதிக்க முடியாமப் போச்சு. விபத்துல அவங்களுக்கும் பங்கு இருக்கு. சரிதானே?"

என் வக்கீல் ஆட்சேபித்துக் குரலை உயர்த்தினார். அவன் ஆமாம் என்றால் அது பொய்யில்லை. நான் நின்றுதான் இருந்தேன். பழியில் பாதி என் பக்கம் வரும், அவனுக்குக் கொஞ்சம் மிஞ்சும். காலையில் எனக்குத் திறந்த மாதிரி இப்போது அவனுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. தட்டச்சுப் பெண்ணைப் பார்த்து, அவள் விரல்கள் தயாராகும்வரை பொறுத்திருந்தான்.

"அவங்க பயணி. எங்க வேணா நிப்பாங்க. நகருங்கன்னு சொல்லவேண்டியது பைலட்டு. நான் சொல்லல."