ஏழு ஒன்றுகள்

மாசியில் பிறந்த குழந்தை அன்றே கண்மூடிவிட்டது. அதன் பிறகு கண்டி, கட்டுக்கலை வீட்டில் பாலேந்திரனும் லீலாதேவியும் சோறு, மழை, பால்காரன் என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. அவன் கணித ஆசிரியன். ஆறுதல் சொல்ல வராது. ஒரு மாலை சிலேட்டில் ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதி அவள் மடியில் வைத்தான்.

பதினோரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்று வகுக்கும், ஆறு ஒன்றுகளை மூன்றே வகுக்கும், இது மட்டும் பிடிகொடுக்கவில்லை, பகா எண்தானோ தெரியாது, கூட இருந்து பார்ப்பீரோ என்று கேட்டான்.

ஆயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் முடிபவை அவனுக்கு. ஏழிலும் ஒன்பதிலும் முடிபவை அவளுக்கு. மாலைதோறும் தேத்தண்ணி ஆறும்வரை இருவரும் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு வகுத்தார்கள். அவன் கழித்தலில் பிழைவிட்ட ஒருநாள், உங்களிட்டப் படிக்கிற பிள்ளைகள் பாவம் என்றாள். அவன் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

மறுநாளே இருநூற்று முப்பத்தொன்பது மிச்சமில்லாமல் வகுத்தது.

லீலா மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு கையால் துடைத்துவிட்டு, இதுவும் சரிவரவில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போனாள். சொன்னால் சிலேட் அலுமாரிக்குப் போய்விடும். பிறகு சோறும் மழையும் பால்காரனும்தான்.

கடைசி எண்ணும் முடிந்த மாலை பாலேந்திரன் துள்ளாத குறை. சனிக்கிழமை ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பலகையில் எழுதி, பகா எண் என்று சொல்லப்போகிறானாம். உமது பேரையும் சொல்லுவேன் என்றான்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அது வகுபடும்."

"எதால?"

"இருநூற்று முப்பத்தொன்பதால. அண்டைக்கே கண்டனான். சொன்னால் இந்தப் பின்னேரங்கள் முடிஞ்சிடும் எண்டு பயந்து மறைச்சுப்போட்டன்."

அவன் வகுத்தான். நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது, மிச்சமில்லை. சபையில் தலைகுனியாமல் காத்தவள் அவள். அதைவிட, இந்தப் பின்னேரங்கள் அவளுக்கும் வேண்டுமா என்று அவன் கேட்கத் தெரியாமல் கிடந்ததையும் சொல்லிவிட்டாள்.

சிலேட்டைத் துடைத்தான். எட்டு ஒன்றுகளும் பத்து ஒன்றுகளும் பதினொன்றால் போகும், ஒன்பது ஒன்றுகள் மூன்றால் போகும் என்று முணுமுணுத்தபடி பதினொரு ஒன்றுகளை எழுதினான். வரிசை சட்டத்தை முட்டியது.

"இதுக்கு எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டாள் லீலா.

"நாளோ? இலட்சம் தாண்டிப் போகவேணும். எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைச்சிடும்."

அவள் இந்த மனிதனைத் தனக்குத் தந்த பிள்ளையாரை மனதில் கும்பிட்டுக்கொண்டாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஏழும் ஒன்பதும் எனக்குத்தான்."