ஒரே பாயில் இரண்டு சென்சார்

1

இந்தக் கதை எங்கள் மாலை வகுப்பில் பிறந்தது. வெப்பம் அளக்கும் வயர்லெஸ் சென்சார்களை ஒரே மேசையில் வைத்து, ஒரே சமயத்தில் அவரவர் சூட்டைக் காட்டும் பெட்டிகளோடு இணைத்தோம். இணைப்பு மாறிப்போய், என் பெட்டி பக்கத்துக்காரி சென்சார் ஒட்டிய டீத் தம்ளரின் சூட்டைக் காட்டியது. எல்லோரும் சிரித்தோம். தம்ளருக்குப் பதில் ஒரு குழந்தையாக இருந்தால்? வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னைவிட்டு இறங்கவே இல்லை.

2

முதல் தொடக்கம்: எண்ணூர்க் கடற்கரையில் சாம்பல் படிந்த ஒரு காலைப் பொழுதில்...

(வேண்டாம். கதை நடப்பது திருவொற்றியூரில், ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில். கடலுக்கு இதில் வேலையே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: பிலோமியும் ரமாபாயும் எதிரெதிர் வீடு. போன மாதம் ரமாபாயின் குழந்தை பகலவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. சூடு ஏறும்போதே தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாமே என்று, அக்குளில் கட்டும் சென்சாரும் சூட்டைக் காட்டி, ஏறினால் கூவும் பெட்டியும் வாங்கினாள். அந்த வலிப்பைப் பார்த்த பயத்தில் பிலோமியும் தன் ஜெரிக்கு அதே மாதிரி வாங்கினாள். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பிரித்தார்கள். ஒன்றாகப் பட்டனை அழுத்தினார்கள். இரண்டு பெட்டியும் 98 காட்டின. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

3

ஒரு மத்தியானம் பிலோமியின் பெட்டி கூவியது. 102.5. ஜெரியைத் தொட்டாள், சில்லென்று இருந்தான். வைஃபைக்குப் பக்கத்தில் வைத்ததால் உளறுகிறதோ என்று பெட்டியை ஜன்னலோரம் மாற்றினாள். 102.7.

(சென்சார் மாறியது அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் புரியுமா? எனக்கு வகுப்பில் புரிய நேரமாயிற்று. ஆனால் எனக்குக் குழந்தை இல்லை.)

ஓடினாள். எதிர்வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. ரமாபாய் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். தலைமாட்டுப் பெட்டியில் 98. தூளியில் பகலவன் அனலாய்க் கொதித்தான்.

"இன்னாடி தூங்கினுகீற! எந்திரி! புள்ள கொதிக்குது!"

"பொட்டி ஒண்ணும் சொல்லலியே..."

"அது எம்புள்ளய பாத்துகினு கீது. உன் புள்ள என்னாண்ட வந்து கத்துறான். ஆட்டோவ கூப்புடு!"

4

(வலிப்பு வந்ததாக ஒரு பத்தி எழுதினேன். பகலவனின் கண்கள் மேலே... இல்லை. அடித்துவிட்டேன்.)

வலிப்பு வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சூடு இறங்கியதும், ஊசி போட்ட கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிடுங்கித் தின்னப் பார்த்தான்.

5

இனி முறைப்படி இணைக்க வேண்டும். பகலவனின் சென்சார் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜெரியை அவன் அம்மாவின் பெட்டியோடு சேர்த்தார்கள். பிறகு பேட்டரியைப் போட்டு, பகலவனை அவன் அம்மாவின் பெட்டியோடு.

இங்கேயே முடித்தால் எங்கள் ஆசிரியர் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் ஒரு பெட்டி இரண்டு சென்சாரை ஏற்கும்.

"பகலவன எம்பொட்டிலயும் போட்டுக்கிறேன்," என்றாள் பிலோமி. "நீ தூங்கினாலும் நான் கீறேன்ல?"

"நாலு நாளா கண்ண மூடல பிலோமி. அதான்..."

"நான் கேட்டனா?"

ரமாபாய் தன் பெட்டியின் பட்டனை அழுத்தினாள். "அப்ப ஜெரிய இதுல போடுவியா? இன்னிக்குத் தூங்கிப்போனவ பொட்டில?"

பிலோமியின் பதிலாக மூன்று வரிகள் எழுதினேன். முதல் வரியில் பொய் இருந்தது. இரண்டாவதில் பெருந்தன்மை அதிகம். மூன்றாவது, 'பிலோமி ஜெரியின் கையைத் தூக்கி' என்பதோடு நின்றுவிட்டது.

ரமாபாயின் பெட்டியில் விளக்கு மின்னுகிறது. ஜெரியின் சென்சாருக்காக ஒரு நிமிடம்தான் காத்திருக்கும். நீங்கள்தான் பிலோமி. உங்கள் குழந்தை உங்கள் மடியில் இருக்கிறது.