நாலாம் வரிசையின் விளக்கு

ஜொகூரில் நான் வேலை பார்க்கும் டேட்டா சென்டரில் நான்காம் வரிசை கிடையாது. சர்வர் அலமாரிகள் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று நிற்கும். சீன மொழியில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். எண்ணை விரட்டினால் சாவு வராது என்று எந்தப் படித்த மூளை நினைத்ததோ.

என் கணவர் சுல்ஹில்மி இங்கே கேபிள் இழுத்தவர். போன வருடம், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்துகொண்டது. "நாலாவது வரிசையில மாட்டிக்கிட்டேன், வாங்க" என்று வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். வரிசைகளை எண்ணிச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் சூப்பர்வைசர் கொக் செங். "நம்மகிட்ட நாலே இல்லையே, பக்கத்துக் கட்டடமா இருக்கும்" என்று ஆட்களை அங்கே அனுப்பினார். அவர்கள் திரும்பி வருவதற்குள் இவர் மூச்சு நின்றிருந்தது.

நேற்று மத்தியானம் மூன்றாம் வரிசையில், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஈதர்நெட் கேபிளின் இரு முனையிலும் உயிருள்ள கருவி இருந்தால்தான் அது எரியும். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். ஐந்தாம் வரிசையின் தரைப்பலகைக்கு அடியில், மறுமுனை எதிலும் செருகப்படாமல் கிடந்தது.

எதிர்முனைக் கருவி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும், அதுதான் முறை. திரையில் பார்த்தேன். 'வரிசை 4'. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'வரிசை 4'.

கொக் செங் வந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஆடிட் வருது ரொஸ்மினி. பிடுங்கிப் போடு."

"மாட்டேன் பாஸ். அவர் இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"பைத்தியமா உனக்கு?" என்று அவரே சுவிட்சிலிருந்து கேபிளைப் பிடுங்கினார். விளக்கு அணையவில்லை. அவர் கேபிளைக் கீழே போட்டார்.

"என்னம்மா செய்யச் சொல்ற?"

"அவர் சொன்ன இடத்துக்கு அவர் சொன்ன நம்பர எழுதுங்க."

"அத மட்டும் கேக்காத. வேற எதுவா இருந்தாலும் செய்றேன்."

"அதத்தான் கேக்கறேன்."

கொக் செங் ஐந்தாம் வரிசைக்குப் போய், ஒரு லேபிளில் 4 என்று எழுதி, ஐந்தின்மேல் ஒட்டினார்.

ஓடிப்போய் சுவிட்சைப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. திரையில் பெயரும் இல்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கேபிளை எடுத்து மறுபடி செருகிப் பார்த்தேன்.