ஆற்றுக்குள் நடந்து வந்த கடல்

“லூஸ் கான்டாக்ட்டுதாம்மா, வேற என்ன...”

“என் சர்க்யூட் கார்டுல லூஸ் கான்டாக்ட்டா? நானே சால்டர் பண்ணி, நானே...”

“அப்ப ஆறு பொய் சொல்லுதா?”

செகந்திராபாத்துக்குப் பக்கம், குஷாய்குடா மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இன்ஜினீயர் பாலச்சந்திரனும் டெக்னீஷியன் மெட்டில்டாவும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா பாகம் பாகமாகப் பூட்டிச் செய்த அளவுப் பெட்டி கிருஷ்ணா நதியில், கடலுக்குச் சற்று இப்பால் மிதக்கிறது. தண்ணீரில் உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று கால்மணிக்கொரு தரம் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும். இங்கே அச்சு எந்திரம் கடகடவென்று எழுதித் தள்ளும். ஒன்பது நாளாக உப்பு தினம் இரண்டு தரம் ஏறி ஏறி இறங்குகிறது.

பெட்டியைக் கரையேற்றச் சொல்லும் தந்தி மேஜைமேல் தயாராக இருந்தது. அது போய்விட்டால் பழுது என்று அவள் பேர் கெடும். பெட்டி மறுபடி தண்ணீரைப் பார்க்காது.

“ஆர்டர்ல நதின்னுதான் போட்டிருக்கு. ஆறு கடல்ல விழும்மா. கடல் எங்கயாச்சும் ஆத்துல ஏறுமா?”

மெட்டில்டா செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. அவரும்தான்.

டைப்பிஸ்ட் ஜுலைகா, வாணியம்பாடிக்காரர் மகள், தாளை எட்டிப் பார்த்தாள். “கைக்கு, எதுக்கு இந்தச் சண்டை? டெய்லி அம்பது நிமிஷம் லேட்டா ஏறுது, அவ்ளோதானே?”

“லூஸ் கான்டாக்ட் டைம் பாத்தா வரும்?” என்றாள் மெட்டில்டா.

“எங்க வீட்டு மாடியில நிலாவும் தினம் அப்பிடித்தான் லேட்டா வருது.”

மெட்டில்டா பென்சிலால் கணக்குப் போட்டாள். “அப்பிடின்னா இன்னைக்குப் பதினொண்ணே காலுக்கு ஏறணும் சார்.”

“பாத்துரலாம்.”

பதினொன்றேகால். எந்திரம் கடகடத்தது. உப்பு மூன்று. கால்மணி கழித்து ஐந்து. அப்புறம் ஒன்பது. எங்கோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நிலா இழுத்த இழுப்புக்குக் கடல் எழுந்து ஆற்றுக்குள் நடந்து வந்தது. இவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா “ஏசுவே,” என்றாள்.

பாலச்சந்திரன் தந்தித் தாளைக் கிழித்துப் போட்டார். “ஹவ்மா, ஆமா. நாந்தான் தப்பு.”

அவள் காதில் அது விழவில்லை. விரல் பக்கத்து வரிசைக்கு, பிராணவாயுவுக்கு, நகர்ந்திருந்தது. ஒன்பது நாள் தாளையும் தரையில் விரித்து, மண்டியிட்டுப் பார்த்தாள்.

“சார், கடல் உள்ள வந்தா மூச்சு கூடுது, ஆத்துத் தண்ணி இறங்கி வந்தா பாதியாயிருது. மேல வயல்ல கொட்டுற யூரியாவெல்லாம் அங்க வந்து பாசியா முளைச்சு அழுகி, மூச்சைக் குடிக்குதா சார்?”