பெண்கள் வார்டில் மூன்றாவது ஆள்

சித்ரலேகாவுக்கு ஒரு பொல்லாத பழக்கம். கணக்கு சரியாக வந்துவிட்டால்கூட, எப்படி வந்தது என்று நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு வேலை. எந்த வார்டில் எந்த நேரத்துக்கு எத்தனை நர்ஸ் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடும் மென்பொருளை அவள்தான் மேய்க்கிறாள். ஆள் போதுமென்றால் கட்டம் பச்சையாக இருக்கும், குறைந்தால் சிவந்துவிடும்.

பெண்கள் வார்டின் கட்டம் மூன்று மாதமாகச் சிவந்து கிடந்தது. அதுவும் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மட்டும். ஆபரேஷன் முடிந்தவர்களைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டுவரும் நேரம் அது. மூன்று நர்ஸ் வேண்டும். மூன்றாமவர் பிரசவ விடுப்பில் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. சரி, ஒரு புகாராவது வர வேண்டுமே? மூன்று பேர் இருக்கிற வார்டுகளிலேயே, கட்டிலிலிருந்து மணி அடித்தால் கேட்க நாதியில்லை என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இங்கே ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

நிர்வாக அதிகாரி குமரகுருபரன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. எண்கள் எது சொன்னாலும் நம்பிவிடுவார், அவ்வளவுதான்.

"பாத்தியளாம்மா, ரெண்டு பேர வச்சே ஜம்முன்னு ஓடுது. பொறவு எதுக்கு மூணு? எல்லா வார்டுக்கும் ரெண்டுன்னு மாத்திருங்க. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க."

மூன்றை அழித்து இரண்டு என்று போடுவது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் மற்ற வார்டுகளில் அந்த மூன்றாவது ஆட்கள் எல்லாரும் ஒப்பந்த நர்ஸுகள். வீட்டுக்கு அனுப்பப்போகிறவர்களில் முதல் பெயர் ஃபஹ்மிதா. மேலப்பாளையத்துக்காரி, ஆண்கள் வார்டில் வேலை. தினமும் மதியச் சாப்பாட்டை சித்ரலேகாவோடு பங்கு போட்டுத் தின்கிறவள்.

"என் பேரு வந்திருக்காமேக்கா, நெசமா?" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

சித்ரலேகா தன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு பேர் மூன்று பேருடைய வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பது மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இரண்டு மணிக்கு, கம்ப்யூட்டரைச் சரிபார்க்கிற சாக்கில் பெண்கள் வார்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நர்ஸுகள் இரண்டு பேரும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் வந்தவளைக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருக்க, இன்னொருத்தி திரைக்குப் பின்னால் கட்டு மாற்றப் போனாள். மணி அடித்தது. இப்போது என்ன செய்வார்கள் என்று சித்ரலேகா நிமிர்ந்தாள். சுவரோர பெஞ்சில் தோள்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு மஞ்சள் சேலைக்காரி எழுந்து போனாள். யாருக்கோ துணைக்கு வந்தவள்போல.

அடுத்த மணிக்கும் அவளே போனாள், வேறு கட்டிலுக்கு. இந்த ஒரு வார்டில் இவளுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! மூன்றாவது தடவை, தீரப்போகிற டிரிப்ஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தபடியே, குழாயில் சொட்டை நிறுத்துகிற உருளையை விரலால் தடவி மூடினாள். கீழே குனிந்து தேடவே இல்லை. துணைக்கு வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் வராது.

"நீங்க சிஸ்டர்தான?" என்று சித்ரலேகா பக்கத்தில் போய்க் கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது.

பெயர் கரோலின். ஊர் முக்கூடல். இதே வார்டில் காலை டியூட்டி. இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததென்று கைரேகை வைத்து, சீருடையைக் கழற்றிப் பைக்குள் வைத்தும் ஆயிற்று.

"முன்ன டியூட்டி முடியவும் நேர் பஸ் உண்டும். மூணு மாசமா நேரத்த மாத்திட்டானுவ. நாலரைக்குத்தான் அடுத்தது. ரெண்டு பஸ் மாறி வெயில்ல நிக்கதுக்கு இங்கன ஃபேனுக்கடியில இருக்கலாம்னுதான் இருக்கேன். மணி அடிச்சா எப்படிக்கா சும்மா இருக்க முடியும்? ஆனா கைரேகை வச்சபொறவு நோயாளியத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. யார்ட்டயும் சொல்லிராதிய, என் வேலை போயிரும்."

விடை கிடைத்த சந்தோஷம் சித்ரலேகாவுக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சொன்னால் கரோலின் மாட்டுவாள். சொல்லாவிட்டால் ஃபஹ்மிதா போவாள். மென்பொருளைத் திட்டியும் பயனில்லை. கைரேகை வைத்தவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதானே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது! சொல்லிக்கொடுத்ததே இவள்தான்.

கரோலின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் மணி அடிச்சா எந்திரிக்காம இருப்பியளா? உசிருக்கு ஆபத்துன்னா ஓடுங்க. மத்ததுக்கு உக்காந்தே இருக்கணும்."

"பாக்கேன்" என்றாள் கரோலின், தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல்.

மறுநாள் காலையில் சித்ரலேகா குமரகுருபரனிடம் போனாள். "சார், மாத்திருதேன். அதுக்கு முன்ன மதியம் ஒரு தடவ அந்த வார்டுக்கு வந்து பாத்திருங்களேன். ரெண்டு பேரு எப்படி சமாளிக்காவன்னு நீங்களும் கண்ணால பாத்திருங்க."

அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். சித்ரலேகா அவர் பக்கத்தில் நின்றாள். கரோலின் பெஞ்சில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. ஒரு நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு போராடிக்கொண்டிருந்தாள், மற்றவள் திரைக்குப் பின்னால். மறுபடியும் அடித்தது. ஜன்னலோரக் கட்டிலில், மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் இருந்த ஒருத்தி குமட்டிக்கொண்டு கையால் துழாவினாள். குமரகுருபரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏம்மா, சும்மாதான உக்காந்திருக்கிய? போயி அந்தம்மாவ என்னன்னு பாக்கக்கூடாதா?" என்று கரோலினைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"எனக்கு டியூட்டி முடிஞ்சிட்டு சார்" என்றாள் கரோலின்.

அவர் தானே ஓடினார். கட்டிலடியில் இருந்த, வாந்தி பிடிக்கிற பேசினை எடுத்து எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். நோயாளி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அவர் கத்தினார். நோயாளிக்குப் புரையேறியது. அதற்குமேல் கரோலினால் உட்கார முடியவில்லை. ஒரே எட்டில் போய், அவள் தலையை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்து, பேசினை வாங்கித் தாடைக்குக் கீழே கொடுத்து, முதுகைப் பைய நீவிவிட்டாள். நோயாளிக்கு மூச்சு சீரானது.

குமரகுருபரன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இங்கனதான் உக்காந்திருப்பியளோ?"

"பஸ்ஸுக்கு சார்."

"மூணு மாசமா?"

கரோலின் தலையைக் குனிந்துகொண்டாள். உத்தரவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சித்ரலேகாவிடம் திரும்பினார்.

"மூணு அப்படியே இருக்கட்டும்மா, யாரையும் அனுப்ப வேண்டாம். இந்த வார்டுக்கும் நாளையிலேர்ந்து ஒரு ஆளு போடணும்."

ஃபஹ்மிதாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல சித்ரலேகாவின் கால் பரபரத்தது. அதற்குள் கடைசிக் கட்டிலிலிருந்து இன்னொரு மணி. நர்ஸுகள் இருவருக்கும் இன்னும் கை ஒழிந்தபாடில்லை. கரோலின் பேசினோடு எழப் பார்த்தாள்.

"இருங்கம்மா, உங்களுக்குத்தான் டியூட்டி முடிஞ்சிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குமரகுருபரன் அந்தக் கட்டிலைப் பார்க்க நடந்தார்.