போல்ட் இல்லாத மூடி

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். படுக்கையைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தான். பல் தேய்த்தான். அடுப்பில் வெந்நீர் வைத்தான். அது சூடாவதற்குள் ஒரு சட்டையையும் ஒரு பேண்டையும் துவைத்துக் கொடியில் போட்டான். முகம் மழித்தான். குளித்தான். நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டி தின்றான். ஜன்னல்களைச் சாத்தினான். கதவைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஏழு மாதமாக இதே வரிசை. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று தெரியாது. மாற்றிப் பார்க்கவும் இல்லை.

பேருந்து போகும் சாலையில் பாதிக் கடைகளுக்குப் புதுப் பெயர்ப்பலகை. பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் கார்கள் வயர் மாட்டிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. ரேடியேட்டர் பட்டறை பார்சல் கிடங்காகிவிட்டது. கார்புரேட்டர் மெக்கானிக் பேட்டரி ஸ்கூட்டரில் அந்தக் கிடங்கின் பார்சல்களைத்தான் கொண்டுபோகிறார். சிக்னலில் ஜன்னலோரம் அவனைப் பார்த்துவிட்டு வண்டியை ஒட்டி நிறுத்தினார்.

"என்ன தம்பி, இன்னும் கடையைத் தொறந்துதான் வெச்சிருக்கீங்களா?"

கிண்டலா அக்கறையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"இன்னிக்கு வரைக்கும்," என்றான்.

பேச்சுக்குச் சொன்னதல்ல. இன்று சாயங்காலம் வரைக்கும்தான் கெடு.

அப்பா ஆரம்பித்த தொழிற்சாலை. அவனும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறார்கள். கேஸ்கெட் செய்கிறார்கள். இன்ஜினில் இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் நடுவே ஒரு மெல்லிய தகடு வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் கசியும், காற்று கசியும், வண்டி நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும். அந்தத் தகடுதான் கேஸ்கெட். முப்பது வருஷம் ஒரே பெரிய கம்பெனிக்கு வெட்டிக் கொடுத்தார்கள். பேட்டரி வண்டி வந்தது. அதில் அந்த இன்ஜினே கிடையாது. இன்ஜின் இல்லாத வண்டியில் கேஸ்கெட்டுக்கு என்ன வேலை? பெரிய கம்பெனி இரண்டு பத்தியில் ஒரு கடிதம் எழுதி முப்பது வருஷத்தை முடித்துக்கொண்டது.

முப்பத்தொரு பேர் இருந்தார்கள். இப்போது பதினெட்டு.

கடிதம் வந்த அன்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவன் அதை நான்கு முறை படித்தான். அவன் மனைவி ஒரு முறைகூடப் படிக்கவில்லை. "ஏன், உலகத்துல இன்ஜின் மட்டும்தான் கசியுதா?" என்று கேட்டாள். கல்லூரியிலேயே அவள் அப்படித்தான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மறுநாள் கிளம்பினாள். மூடி போட்ட எதைப் பார்த்தாலும் திறந்து பார்த்தாள். ஐந்து வாரம் அலைந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

மின்சாரம் இல்லாத இடங்களுக்கு மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுபோகும் பெட்டி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம் குளிர் உள்ளே நிற்க வேண்டும். மற்றவர்கள் நான்கு துண்டு ரப்பரை மூலைகளில் ஒட்டித் தருகிறார்கள். ஒட்டிய இடத்தில் குளிர் நழுவிவிடுகிறது. இவர்களால் முழுத் தாளிலிருந்து ஒட்டே இல்லாத ஒரே வளையமாக வெட்ட முடியும். இன்ஜினுக்கு அப்படித்தானே வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மாதிரி பத்தொன்பது மணி நேரத்தில் தோற்றது.

அவள் பெட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டாள். "நாம இன்னும் போல்ட்டை நம்பிக்கிட்டு இருக்கோம்," என்றாள். இன்ஜினில் கேஸ்கெட்டை வைத்து போல்ட்டை முறுக்குவார்கள். இறுக்கம் போல்ட்டின் பொறுப்பு. இந்தப் பெட்டியில் போல்ட் கிடையாது. யாரோ ஒரு நர்ஸ் ஒரு கையால் மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். "இங்க யாரும் வந்து முறுக்கப் போறதில்ல. முறுக்காமலே பிடிக்கணும்."

விறைப்பான தாளை ஒதுக்கிவிட்டு மிருதுவான ரப்பருக்கு மாறினார்கள். எத்தனை தடிமன் என்பது மட்டும் பாக்கி. அதற்குள் அவளுக்குத் தலைவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் அவள் இல்லை.

அடுத்த வாரம் மூன்று பேர் வேலையை விடுவதாகப் பையைத் தூக்கினார்கள். அண்ணன் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்றார். "கடைசி மூச்சுல அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'கம்பெனியை மூடிடாதீங்க'ன்னு சொல்லுச்சு." மூன்று பேரும் பையைக் கீழே வைத்தார்கள். அண்ணன் அன்று ஆஸ்பத்திரியிலேயே இல்லை. கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சொன்ன பிறகு அண்ணனாலேயே அதைத் தாண்ட முடியவில்லை. கட்டிடத்தைக் கேட்டுப் பார்சல் கிடங்குக்காரர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் திருப்பி அனுப்பினார். தான் விட்ட புளுகுக்குத் தானே காவல் நின்றார். இரண்டாவது மாதிரி இருபத்தாறு மணி நேரத்தில் படுத்துக்கொண்ட பிறகுதான் இறங்கி வந்தார். மூன்றாவது மாதிரியை வாங்கிக்கொள்ளப் பெட்டிக் கம்பெனியின் இன்ஜினியர் இன்று மூன்று மணிக்கு வருவார். அதற்குள் மாதிரி தயாராகாவிட்டால், சாயங்காலம் கிடங்குக்காரர்களின் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வெட்ட வேண்டியவர் மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தே அரை மில்லி வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பட்டம். அவர் மேஜையில் எட்டு, ஒன்பது, பத்து மில்லி என்று மூன்று ரப்பர் தாள்கள் கிடந்தன. காலையிலிருந்து மூன்றையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, துணிக்கடையிலயா நிக்கறீங்க? ஏதாவது ஒண்ண எடுங்க," என்றாள் ரேடியோ. பிரஸ் மெஷினில் இருப்பவள். அவளை அணைக்க மட்டும் பொத்தான் கிடையாது.

"நீ சும்மா இரு."

"காலையில இருந்து சும்மாதான் இருக்கேன். வேலை குடுத்து நான் செய்ய மாட்டேன்னு சொன்ன மாதிரி பேசறீங்களே."

அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "மணி பன்னெண்டு."

"எங்கிட்டயும் கடிகாரம் இருக்கு முதலாளி."

"கடிகாரம் இருக்கு. கத்தி எங்க?"

மில்லிமீட்டர் கையிலிருந்த தாளை மேஜையில் போட்டார். "தங்கச்சிக்கு அந்த அளவு தெரியும். ஆஸ்பத்திரில இருந்தப்போ போன்லயே கேட்டேன். தூங்கறாங்கன்னு தம்பி சொல்லிட்டாரு. அதோட போச்சு. ஒரே ஒரு நம்பர் முதலாளி. அது கிடைச்சிருந்தா ஏழு மாசம் இப்படி வீணாப் போயிருக்காது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவன் காதில் குற்றமாகத்தான் விழுந்தது. குற்றம்தான் அது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க," என்று மில்லிமீட்டரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான். கழித்துப்போட்ட தகடுகளைக் குவித்துவைக்கும் இடம். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"அன்னிக்கு அவ தூங்கலண்ணே."

மில்லிமீட்டர் காலடியில் கிடந்த தகட்டைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் வந்தார்.

"நீங்க கேட்டதை அவகிட்ட கேட்டேன். பதில் சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

மூன்றாம் நாள் மதியம் அது. தொழிற்சாலையிலிருந்து அன்றைக்கு மட்டும் ஒன்பதாவது போன். எரிச்சல், வேறு காரணம் எதுவும் கிடையாது. மனுஷியைக் கொஞ்ச நேரம் விடுங்களேன் என்று இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் கேட்டான். பதில் வந்த பிறகும், தூங்குகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவள் கண்ணை மூடினாள். இந்த முறை நிஜமாகவே தூங்கினாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதையும் சொன்னான். கெட்ட வார்த்தை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். வந்தால் தேவலை என்று இருந்தது.

"என்ன நம்பர் சொன்னாங்க?" என்றார் மில்லிமீட்டர்.

"நம்பரே சொல்லல. அவளுக்கும் தெரியாது. உங்களையே பார்த்து வெட்டச் சொன்னா."

"என்னையா?"

"உங்களைத்தான்."

மில்லிமீட்டர் சுவரைப் பார்த்தார். "ஏழு மாசம்யா," என்றார். "இல்லாத நம்பரை ஏழு மாசமாத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கும் மேலேயே துடைத்தார். பிறகு அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.

பத்து மில்லி தாளில் ஒரு வளையம் வெட்டிப் பெட்டியின் விளிம்பில் வைத்தார். சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி மூடியை மூடினார். ஒவ்வொன்றாக இழுத்தார். கீல் பக்கத்துக் காகிதம் வரவே இல்லை. கிழிந்தது. முன்பக்கத்துக் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. எட்டு மில்லியை வைத்துப் பார்த்தார். கீல் பக்கம் அப்போதும் பிடித்தது. முன்பக்கம் காகிதம் தானாகவே கீழே விழுந்தது.

"அட," என்றார்.

இன்ஜினில் கேஸ்கெட் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். முப்பது வருஷம் அப்படி வெட்டிய கைகளுக்கு வேறு மாதிரி தோன்றவில்லை. எட்டா பத்தா என்று ஏழு மாதம் சண்டை போட்டவர்களுக்கும், பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருக்கலாமே என்று தோன்றவில்லை. இந்த மூடி கீலில் திரும்புகிறது. கீல் பக்கம் முதலில் நசுங்கிக்கொண்டு முன்பக்கத்தை முழுசாக உட்கார விடுவதில்லை.

"எட்டும் இல்ல, பத்தும் இல்ல," என்றார் மில்லிமீட்டர். "அங்க ஏழு, இங்க பத்து. நடுவுல சரிவு. யாராவது ஒரு பலகையைச் சாய்வாச் சீவிக் கொண்டாங்க."

நான்கு பேர் ஓடினார்கள். சாய்வுப் பலகை மேல் தாளை வைத்துச் சீவும் மெஷினுக்குள் விட்டார்கள். ஒரு பக்கம் மெலிந்து வந்தது. ரேடியோ பிரஸ்ஸை இறக்கினாள். வளையம் வந்தது. காகிதத் துண்டுகளைச் செருகி இழுத்தார்கள். சுற்றிலும் ஒரே பிடி. ரேடியோ ஒரு துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "என் மாமியார் பிடிச்ச பிடி மாதிரி இருக்கு," என்றாள். மணி இரண்டு நாற்பது.

இன்ஜினியர் அம்மா மூன்றுக்குச் சரியாக வந்தார். சின்ன வயது, கறாரான முகம். விரலால் வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் மெலிசா இருக்கே. தப்பா வெட்டிட்டீங்களா?"

"நாங்க சரியாத்தான் வெட்டியிருக்கோம்மா," என்றார் மில்லிமீட்டர். "உங்க பெட்டிதான் ஒரு பக்கம் அவசரப்படுது."

இன்ஜினியர் அம்மா மூடியை மூன்று முறை திறந்து மூடினார். மூன்றாவது முறை, மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. "இதே மாதிரி ரெண்டாயிரம் வருமா?"

"பலகை உடையற வரைக்கும் வரும். உடைஞ்சா இன்னொரு பலகை."

அவர் வளையத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் கிடங்குக்காரர்களைக் கூப்பிட்டு இன்னும் மூன்று நாள் கேட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தபோது அண்ணன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இன்ஜினியர் அம்மா வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. ஐம்பத்தொரு மணி நேரம், முதல் ஆர்டர் இன்றைக்கே அனுப்புகிறோம் என்றார். வைத்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. பதினெட்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களை யாரோ முதல்முறையாகச் சரியாக அளந்துவிட்ட மாதிரி நின்றார்கள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "அந்தப் பொண்ணு கடைசியாச் சொன்னதுன்னு நான் சொன்னேன்ல. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேயே இல்ல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அது தெரியுமே முதலாளி," என்றாள் ரேடியோ. "மூடிடாதீங்கன்னு கெஞ்சற ஆளா அவங்க?"

"தெரியுமா? அப்புறம் ஏன் போகாம நின்னீங்க?"

"நீங்களே பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்க. அந்த நிலைமையில எப்படி விட்டுட்டுப் போறது?"

சிரிப்பு கிளம்பியது. அண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மில்லிமீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அன்னிக்குப் பின்கட்டுல நீங்க எனக்குச் சுருக்கமாச் சொல்லிட்டீங்க. அது பத்தாது. அவங்க எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

பேசிப் பழக்கமில்லாதவன். பதினெட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள். முதுகு தானாக நிமிர்ந்தது. என் பெண்டாட்டி பேசினால் இப்படித்தான் பேசுவாள் என்று இவர்களுக்கு முன்னால் சொல்லிக்காட்ட அவனுக்கு ஆசையாகக்கூட இருந்தது. சொன்னான்:

"மில்லி அண்ணனுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? முப்பது வருஷமா இன்ஜினையே வாயடைக்க வெச்ச மனுஷன், ஒரு பொட்டி மூடிக்குப் போய் என்கிட்ட கேக்கறாரு. போனை வெச்சுட்டு வெட்டச் சொல்லு. தப்பாப் போனா இன்னொண்ணு வெட்டட்டும். கை அவருது, ரப்பர் நம்மளது."