புதன்கிழமைக்காரி

சாவி வெட்டிப் பிழைக்கிறவளிடமிருந்து சாவியை ஒளித்து வைக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் அப்படித்தான். எங்கள் கடையில் வலது பாதி அவருடைய மூக்குக்கண்ணாடி வியாபாரம், இடது பாதி என் சாவி வியாபாரம். நடுவில் ஒரு மேஜை. அதன் இழுப்பறையில், பழைய கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள், அவருடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் சாவி இருக்கும். இழுப்பறைக்குப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, இருபது வருஷத்துப் பழைய வண்டி. "கிளட்ச் ரொம்ப மென்மை, உனக்குப் பிடிபடாது" என்று என்னைத் தொடக்கூட விட்டதில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட நான் என்ன சாதுவா? மூன்று மாதத்துக்கு முன்னால், அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு நகல் வெட்டிக்கொண்டேன். நாலு நிமிஷ வேலை.

புதன்கிழமை மத்தியானம் அவர் பள்ளிக்கூடங்களுக்குக் கண் பரிசோதிக்கப் போவார். பள்ளிக்கூட வேனே வந்து அழைத்துப் போகும். வேன் தெருமுனை திரும்பியதும், 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டையைக் கடைக் கதவில் மாட்டுவேன். அந்தப் பத்து நிமிடம் இரண்டு மணி நேரம் ஓடும். ஊருக்கு வெளியே மலைச்சாலையில் இருபத்து மூன்று வளைவுகள். எனக்கு அவை சாவியின் பற்கள்தான். ஆழமாக ஒன்று, லேசாக இரண்டு, மறுபடி ஆழமாக ஒன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் மனப்பாடம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் யார் யார் வீட்டுக் கதவையோ நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் சொந்தம்.

தடயம் எதையும் விட்டதில்லை. நான் குட்டை. அதனால் சீட்டை நாலு பல் முன்னால் இழுப்பேன், டக் டக் டக் டக். திரும்பி வந்ததும் அதே நாலு பல் பின்னால். செலவான பெட்ரோலை நிரப்பிவிடுவேன். கிலோமீட்டர் மீட்டர் வண்டி வாங்கிய அன்றே செத்துப்போயிருந்தது, பாவம்.

இந்தச் சந்தோஷத்தில் அவருடைய இடது முட்டி வந்து மண்ணைப் போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரையும் சேர்த்து வண்டிப் பைத்தியங்கள் ஏழு பேர் மலைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டே வர ஆரம்பித்தார். "வயசாயிடுச்சு, ஒத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டேன். டாக்டரும் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, வயசுதான் என்று சொல்லிவிட்டார். மனுஷன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏற ஆரம்பித்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

போன வாரம் சொன்னார்: "வண்டிய எங்க கூட்டத்துப் பல் டாக்டருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்காரு. கிளட்ச் மிதிச்சா உயிர் போகுது."

வாயைத் திறக்க முடியுமா? 'இந்தத் தகரத்த எப்பத்தான் ஒழிப்பீங்க' என்று வருஷக்கணக்கில் திட்டியவள் நான். இப்போது போய் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார். சொன்னாலும் புதன்கிழமை போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. தைல டப்பாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம். "நீயும் வா, ஒரு தடவையாவது உக்காந்து பாரு" என்றார். முதன்முறை ஏறுகிறவளைப்போல் ஏறி உட்கார்ந்தேன். மேலே போய்விட்டுத் திரும்பி அடிவாரத்துக்கு வந்ததும் பல் டாக்டர் கையில் சாவியைக் கொடுப்பதாக ஏற்பாடு.

மலை உச்சியில் ஒரு டீக்கடை. ஏழு வண்டிகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் பெற்ற பிள்ளைகளைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குத் தலைவர் ஒரு அச்சகக்காரர். எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் கேப்டன் என்பார்கள். அவர் பக்கத்தில் நின்ற பல் டாக்டர் திடீரென்று என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்.

"அண்ணே, புதன்கிழமை தண்ணித்தொட்டி வளைவு தாண்டி என்னை முந்திட்டுப் போனீங்களே, அது என்ன ஓட்டு. பின்னாடியே வந்து பார்த்தேன், புடிக்க முடியல. இத்தனை நாளா எங்களை ஏமாத்திட்டீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் கடைசியா வர்றீங்க?"

டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அன்றைக்கு ஒரு சிவப்பு வண்டி நத்தையாக முன்னால் போனது நினைவிருந்தது. இவர்தான் என்று யார் கண்டது? நான் தொப்பியும் எங்கள் கடைக் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன், அவருக்கும் என்னைத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். 'புதன்கிழமையா, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேனே' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. அவர் தாடையைச் சொறிந்தார்.

"அது ஒண்ணும் இல்லப்பா. சும்மா கை அரிச்சுது."

அப்பாடா என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வாரம் பழகி நான் ஓட்டிய ஓட்டத்தை, ஒரு வாய் டீயோடு இவர் விழுங்கிவிட்டார். விழுங்கினதோடு நின்றாரா?

"தண்ணித்தொட்டி வளைவுல மூணாவது கியர் போட்டு அப்படியே வெட்டித் திருப்பணும்" என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"மூணா? மூணுல போனா நேரா பள்ளத்துலதான் இறங்கணும். ரெண்டு" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்படின்னு நீங்கதானே வீட்டுல சொன்னீங்க" என்று முடித்தேன்.

"ஆமா ஆமா, ரெண்டு" என்றார். ஆனால் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டிய எழுத்தைப் பார்த்துப் படிக்கிறார்களா, மனப்பாடமாகச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க அவர் பார்க்கும் பார்வை அது.

கேப்டன் தொப்பியைச் சரி செய்தார். "கடைசி நாள். இறங்கும்போது நீங்கதான் முன்னாடி போறீங்க. அந்தப் புதன்கிழமை வேகத்த நாங்களும் பார்க்கணும்."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. வண்டியில் ஏறியதும், "ஊருக்குள்ள இன்னொரு மஞ்சள் வண்டி ஓடுது போலிருக்கு" என்று முணுமுணுத்தார்.

"இருக்கும்" என்றேன்.

முதல் மூன்று வளைவையும் உருட்டிக்கொண்டே இறங்கினார். பின்னால் ஆறு வண்டிகள். பல் டாக்டர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நன்றாக வேண்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கலாம். என் ரகசியமும் பிழைத்திருக்கும். ஆனால் கடைசி நாளில், அந்த ஆறு பேர் முன்னால் அவர் மானம் சிரிப்பாய்ச் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் திட்டுவது வேறு, ஊர் சிரிப்பது வேறு.

"ஏங்க, ஆழமா ஒண்ணு வருது. இப்ப பிரேக். ரெண்டாவது கியர். பாறையில வெள்ளைக் கோடு தெரியுதா? அங்க திருப்புங்க. இப்ப விடுங்க, போகட்டும். அடுத்தது ரெண்டும் லேசு, மிதிக்காதீங்க."

பயத்தில் சொன்னதையெல்லாம் செய்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஆழம், லேசு, லேசு, ஆழம். பின்னால் விளக்குகள் காணாமல் போயின. அவர் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

தண்ணித்தொட்டி வளைவு தாண்டியதும் "அம்மா" என்று முனகினார். இடது கால் அப்படியே பிடித்துக்கொண்டது. ஓரமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்.

"எத்தனை புதன்கிழமை?"

"பதினொண்ணு."

"சாவி?"

"நான் என்ன வேலை பார்க்கறேன்?"

"அடிப்பாவி" என்றார். மேலே வண்டிச் சத்தம் கேட்டது. "சரி, சீக்கிரம் இந்தப் பக்கம் வா. அவங்க வந்துடப் போறாங்க."

இடம் மாறினோம். டக் டக் டக் டக். மிச்ச வளைவுகளை நான் ஓட்டினேன். முதலில் அவர் முன்னால் இருந்த பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார். நாலாவது வளைவில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவே எனக்குப் பெரிய பாராட்டு.

அடிவாரத்தில் நிறுத்தியதும், "எறங்கு எறங்கு, என் மானம் போயிடும்" என்று அவசரப்படுத்தினார். மறுபடி இடம் மாறினோம்.

"சீட்டை நாலு பல்லு பின்னால தள்ளுங்க" என்றேன்.

பதற்றத்தில் காலால் உந்தித் தள்ளினார். டக் டக் டக் டக். நிற்காமல் இன்னொரு டக்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிளட்சை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். கால் நன்றாக நீண்டது.

"நாலுன்னு சொன்ன."

"நாலுதான்."

"அஞ்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் புதன்கிழமை அவசரத்தில் ஐந்து பல் இழுத்திருக்கிறேன், நாலு என்று எண்ணி நாலு மட்டும் பின்னால் தள்ளியிருக்கிறேன். அன்றிலிருந்து மூன்று மாதமாக மனுஷன் ஒரு பல் குறைவாக, காலை மடக்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். முட்டி வலி, எக்ஸ்ரே, மாடிப்படிக் கைப்பிடி, வண்டி விற்பனை, எல்லாம் என் கைங்கரியம். என் புதன்கிழமைக்கு நானே குழி தோண்டியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிடச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

ஆறு வண்டிகளும் வந்து நின்றன. பல் டாக்டர் இறங்கி ஓடிவந்து, "அண்ணே, இனிமே இந்த வண்டி என்கிட்ட இருக்கறதே எனக்குப் பெருமை" என்று கையை நீட்டினார்.

"எந்த வண்டி?" என்றார் இவர்.

"முட்டி வலி, ஓட்ட முடியலன்னு..."

"சரியாயிடுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான்."

பல் டாக்டர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

ஊருக்குத் திரும்பினோம். கடைத்தெரு வந்ததும் கேட்டார்.

"மொத்தம் எத்தனை டப்பா தைலம்?"

"ஆறு."

"வயசாயிடுச்சு, ஒத்துக்கங்கன்னு சொன்னியே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்காமல் கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"புதன்கிழமை" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அஞ்சு. வாய்விட்டு எண்ணித் தள்ளு."